சரீபா என்று பேர் எழுதிய சாப்பாட்டுப் பெட்டி

லஞ்ச்சீற் என்ற, சோறு கட்டுகிற அந்த மெல்லிய பொலித்தீன் தாள் எத்தனை பேருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது என்பது அதைத் தடை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் கடற்கரையில் ஒதுங்கிய குப்பையைப் பார்த்தார்கள். வாய்க்காலை அடைத்துக் கொண்டு கிடந்த ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இனிமேல் சாப்பாட்டுக் கடையில் பார்சல் எடுக்க வருகிறவர் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வரவேண்டும் என்று விதி போட்டார்கள். நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு என்று ஒன்று இருக்கிறவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

றாஸிக்குக்குத்தான் கஷ்டம் வந்தது. கல்முனை பசாரில் பெயின்ற் கடை வைத்திருக்கிற, ஐம்பதைத் தாண்டிய, இரண்டு பெண்பிள்ளைகளின் வாப்பாவுக்கு வீடு இல்லை என்றால் யார் நம்புவார்கள்? சாய்ந்தமருதில் வீடு இருந்தது. அது மனைவி சரீபாவின் சீதன வீடு. மூத்தவள் நிப்லாவுக்குக் கல்யாணம் ஆனபோது அது அவள் பேருக்குப் போனது. மருமகன் அஹ்ஸன் வந்து குடியேறினான். பின்வளவில் இளையவள் ஸம்றாவுக்கென்று இன்னொரு வீடு கட்டி முடியாமல் கூரை மட்டத்தில் நின்றது. இந்தக் கிழக்குக் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. உம்மாவின் வீட்டிலிருந்து பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவான், செத்தால் அங்கிருந்து மையவாடிக்குப் போவான். நடுவில் நின்று இது என் வீடு என்று சொல்ல அவனுக்கு இடமில்லை.

சண்டையைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். அது ஒரு நிறத்தில் வந்த சண்டை. அஹ்ஸன் ஒரு நாள் ஹோலுக்கு வெளிர் ஊதா அடித்தான். பெயின்றை அக்கரைப்பற்றில் எங்கோ ஒரு கடையில் வாங்கியிருந்தான். ஊரில் பாதிச் சுவருக்குப் பெயின்ற் கொடுத்த மனிதர், பொழுதுபட வீட்டுக்கு வந்து, தான் இருக்கிற வீட்டிலேயே பிறத்தியான் கடைப் பெயின்ற் மணப்பதை மூக்கால் கண்டுபிடித்தார். நேரே குசினிக்குப் போய்ச் சரீபாவிடம் கேட்டார். மீன் கழுவிக் கொண்டிருந்த சரீபா திரும்பியும் பார்க்கவில்லை.

"அவங்கட ஊடு. அவங்களுக்குப் புடிச்ச கலர அடிக்கிறாங்க. உங்களுக்கு என்ன?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குச் சரக்கு வருகிறது, இரவில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பாயும் தலையணையும் எடுத்துக் கொண்டு வெளிக்கிட்டார். போகாதீங்க என்று அவள் சொல்லுவாள் என்று கேற்றடியில் கொஞ்சம் சுணங்கியும் பார்த்தார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். தானாக வரட்டும் என்று அவள் இருந்தாள். இப்படியே ஏழெட்டு மாதம் போய்விட்டது.

கடையின் பின் அறையில் எனமல் டின்களுக்கும் தின்னர் கேன்களுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தார். படுக்கை பழகிவிட்டது. தலையிடியும் பழகிவிட்டது. ஊருக்குத் தெரியக்கூடாதே என்ற பயம்தான் பழகவில்லை. ஸம்றாவுக்கு நிந்தவூரில் ஒரு சம்பந்தம் கதைத்துக் கொண்டிருந்தார்கள். வாப்பா ஒரு பக்கம் உம்மா ஒரு பக்கம் என்று கதை வெளியில் போனால் மாப்பிள்ளை வீட்டார் மெல்லக் கழன்று கொள்வார்கள். பிள்ளையின் வாழ்க்கை தன்னால் கெட்டது என்று வரும். வீட்டுச் செலவுக்கு அவர் வாங்கி வைக்கிற சாமான்களைப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற ஸம்றா வழியில் வந்து வாங்கிக் கொண்டு போவாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே வெளியில் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். நாலு கடை தள்ளி சீனிமுகம்மதுவின் சாப்பாட்டுக் கடை. பொழுதுபட்டதும் மஃரிபு தொழுதுவிட்டு அங்கே போய், "ரெண்டு பார்சல் கட்டு சீனி, ஊட்டுக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். ஒன்றைக் கட்டினால் தனியாள், இரண்டைக் கட்டினால் குடும்பஸ்தன். ஒன்றைத் தான் சாப்பிட்டார். மற்றதைக் கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் இருந்த பூனைகள் சாப்பிட்டன. கல்முனையில் அந்த மாதிரிக் கொழுத்த பூனைகள் வேறு ஒழுங்கையில் இல்லை.

இந்தப் பிழைப்பில்தான் மாநகர சபையின் விதி வந்து விழுந்தது.

"காக்கா, இனி பார்சல் கட்ட ஏலா," என்றான் வயதில் இளையவனான சீனிமுகம்மது. "சபையால வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. ஊட்ட இருந்து சட்டி கொண்டாங்க. சட்டி கொண்டு வாறவங்களுக்குத்தான் முதல் குடுக்கணுமாம், லைன்ல நிக்கத் தேவல்ல."

"மறந்து போச்சி சீனி. நாளைக்குக் கொண்டாறன்."

"மறந்தாலும் வழி இரிக்கி. இந்தா, எவர்சில்வர் பெட்டி. முற்பணம் வெச்சிட்டுக் கொண்டு போங்க, கழுவித் தந்தா திருப்பித் தருவன். ஊட்டு போன் நம்பரை மட்டும் சொல்லுங்க. பெட்டி வராட்டி ஊட்டுக்கு எடுத்துக் கேக்கத்தான்."

வீட்டுக்கு எடுத்துக் கேட்பார்களாம். றாஸிக் அவசரமாக ஏதோ வேலை இருப்பது போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு இறங்கிப் போனார்.

உட்கார்ந்து சாப்பிடலாமே என்று கேட்கலாம். பகலில் என்றால் சாப்பிடலாம். குடும்பஸ்தன் ஒருவன் இரவில் கடை மேசையில் தனியாக இருந்து கொத்துரொட்டி தின்றால், அவன் கையைக் கழுவி முடிப்பதற்குள் கதை சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேறு கடைகளுக்கும் போய்ப் பார்த்தார். எல்லாக் கடை வாசலிலும் அதே அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆகவே பேக்கரியில் வாங்கிய பணிஸும் வாழைப்பழமும் சாப்பிட்டார். அடுத்த நாளும் அதையே சாப்பிட்டார். அவருக்கு ஏற்கனவே கேஸ்ரிக் வருத்தம் உண்டு. பணிஸில் அது எரியத் தொடங்கி, கடைசியில் வயிற்றைப் பிடித்துக் கொண்டு டின்களுக்கு நடுவே குந்திக் கொண்டிருக்கிற நிலைமைக்கு வந்தது.

பாத்திரம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் வயதுக்கு ஒரு பாத்திரம் வாங்கியதில்லை. பாத்திரமெல்லாம் பெண்களுடையவை, வீட்டோடு வருபவை. பஸ் நிலையத்துப் பக்கம் கனகேஸ்வரி என்ற பெண் சாக்கு விரித்துச் சட்டிபானை விற்றுக் கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றார்.

"எத்தின பேருக்கு காக்கா?"

"ஒராளுக்கு," என்றார் றாஸிக்.

அத்தனை மாதத்தில் அந்த உண்மையை அவர் வாயால் சொன்னது அன்றுதான். கனகேஸ்வரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இப்ப இந்தச் சைஸ்தான் கூட ஓடுது," என்று சொல்லி, மூடி போட்ட எவர்சில்வர் பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

பெட்டி வந்தும் கரைச்சல் தீரவில்லை. மஃரிபுக்கு முன்னால் எல்லாரும் பாத்திரங்களைச் சீனியின் கடையில் வைத்துவிட்டுத் தொழப் போவார்கள். தொழுதுவிட்டு வரும்போது சாப்பாடு போட்டுத் தயாராக இருக்கும். பாத்திரங்கள் நீளப் பலகையில் வரிசையாக நிற்கும், சீனி ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இந்தப் பக்கத்து வீடுகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது வழக்கம், அதுவும் பெண்ணின் பேர்தான். "மர்ஷூதா!" என்று கூப்பிட்டால் தாடி வைத்த ஓட்டோக்காரர் ஒருவர் எழும்பி வருவார். "முஸ்பிறா!" என்றால் கழுத்துப்பட்டி கட்டிய சட்டத்தரணி வருவார். "சபியா உம்மா!" என்றால் இரண்டு பேர் வருவார்கள், மூடியைத் திறந்து பார்த்துப் பிரித்துக் கொள்வார்கள். முதல் இரண்டு நாள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஆளை மறந்து பேரையே கூப்பிட்டுக் கொண்டார்கள்.

"காக்கா, உங்கட பெட்டியில பேர் இல்லயே," என்றான் சீனி. "மாறிப் போகும். என்னத்தையாவது எழுதிட்டுக் கொண்டாங்க."

றாஸிக் கடையில் உட்கார்ந்து யோசித்தார். தன் பேரை எழுதலாம். அந்தப் பலகையில் ஓர் ஆண்பிள்ளையின் பேர் நின்றால், அது தனியாள் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதற்குச் சமம். பெயின்ற் கடைக்காரருக்கு எழுதுவதில் என்ன பஞ்சம்? பச்சை எனமலில் தூரிகையைத் தோய்த்து, பெட்டியின் பக்கத்தில் 'சரீபா' என்று எழுதினார். முப்பது வருடம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், ஒரு நாளாவது எழுதிய ஞாபகம் இல்லை. காயும் வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டிருந்தார். அவள் மேல் ஆத்திரம் இன்னும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆத்திரத்தைத் தூக்கிக் கொண்டு திரிய உடம்பில் பலம் குறைந்து கொண்டே வந்தது.

பிறகு ஒரு மாதிரி ஓடியது. சீனி "சரீபா!" என்று கூப்பிடுவான், றாஸிக் எழும்பிப் போய் உறைப்பில்லாத சொதியும் இடியப்பமும் வாங்கிக் கொண்டு வருவார்.

அந்த வியாழக்கிழமை தொழுதுவிட்டு வந்தபோது பலகை கிட்டத்தட்ட காலியாக இருந்தது. சீனி அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்தான்.

"காக்கா, ஒரு பிழை நடந்து போச்சி. உங்கட மருமகன் வந்தவர். சரீபா எண்டு பேர் வெட்டின சட்டி மூணு கொண்டாந்து வெச்சிரிக்கார், பெரிய ஓடர். நான் உள்ளுக்க நிண்டன். வேலைக்கு நிக்கிறவன் சரீபா, சரீபா எண்டு பாத்து மூணப் பையில போட்டுக் குடுத்துட்டான். அதில ஒண்டு உங்கட பெட்டி. கறிச்சட்டி இஞ்ச கிடக்கு."

பலகையில் ஒரு பெரிய எவர்சில்வர் சட்டி நின்றது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் சரீபா. அவருடைய கல்யாணத்துக்கு வந்த சட்டி. மூடியைத் திறந்தார். மாட்டிறைச்சிக் கறி, பதினைந்து பேருக்காவது காணும்.

"என்ன விசேசமாம்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், தன் வீட்டு விசேஷத்தைக் கடைக்காரனிடம் கேட்கிறோம் என்பது உறைத்தது.

சீனி அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைத் துடைத்தான். "நிந்தவூர் ஆக்கள் திடீரெண்டு ஊடு பாக்க வந்துட்டாங்களாம். சமைக்க நேரமில்லயாம்."

இந்தக் கரையில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பெண்ணின் வாப்பாதான் முன்னால் நின்று, இது ஹோல், இது அறை, இது கிணறு என்று காட்டவேண்டும். தன் மகளுக்கு வீடு பார்க்க ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், தனக்கு ஒருவரும் ஒரு போன் எடுக்கவில்லை. றாஸிக் பலகையைப் பிடித்துக் கொண்டு நின்றார். இவ்வளவு காலமும் பூனைக்குப் பார்சல் போட்டதும், பணிஸ் தின்றதும், பச்சை எனமலில் பேர் எழுதியதும் அந்தப் பிள்ளைக்காகத்தான். அவர்களுக்கு அவர் தேவைப்படவே இல்லை.

"ஆள் விட்டு அனுப்பட்டா காக்கா?" என்றான் சீனி.

அனுப்பலாம். அனுப்பிவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஒரு கணம் அதுதான் நல்லது என்று பட்டது. ஆனால் வெறும் சோற்றை வைத்துக் கொண்டு விருந்தாளிகளின் முன்னால் ஸம்றா நிற்பதை நினைத்ததும் மனம் கேட்கவில்லை. "ஓட்டோ ஒண்டக் கூப்பிடு," என்றார்.

மடியில் கறிச்சட்டி சுட்டது. சாரனை மடித்து அடியில் வைத்துக் கொண்டார். சாய்ந்தமருதுக்குத் திரும்புகிற இடத்தில் ஓட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்று மறுபடியும் ஒரு யோசனை வந்தது. போனால், கூப்பிடாத வீட்டுக்குக் கறிச்சட்டியோடு வந்தவர் என்று அஹ்ஸன் சிரிப்பான். சிரிக்கட்டும். வயிறு எரிந்தது, முதுகு நொந்தது, அவருக்கு மானம் பார்க்கவும் களைப்பாக இருந்தது.

கேற்றடியில் அஹ்ஸன் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளிக் கொண்டு நின்றான். திரும்பவும் சீனியின் கடைக்குத்தான் புறப்பட்டிருக்க வேண்டும். ஓட்டோவிலிருந்து மாமனார் இறங்குவதைக் கண்டதும் சைக்கிளை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"மாமா, தாங்க, நான் தூக்கிறன்."

"வேணா. சூடு," என்றார் றாஸிக்.

வாசலில் ஸம்றா நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டு கிட்ட வந்து, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள். "வாப்பா, உம்மாதான் உங்களுக்குச் சொல்லப்படாது எண்டவ. கூப்பிட்டு வந்தா விருந்தாளி, தானா வந்தாத்தான் ஊட்டுக்காரர் எண்டு சொன்னவ. மறுகா சட்டியத் திறந்தா இடியப்பம். பெட்டியில உங்கட எழுத்து. உம்மா அதப் பாத்தா. அப்புறம் வெளியில போய் அவங்கட்டச் சொல்லிட்டா, கறி எடுக்க அவர்தான் போயிரிக்கார், இப்ப வந்துருவார் எண்டு."

"நான் வராட்டி?"

"அதத்தான் நானும் கேட்டன்," என்றாள் ஸம்றா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஹோலில் ஊதாச் சுவரோரமாக மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமடும் இரண்டு மூன்று ஆண்களும் இருந்தார்கள், அவர்களோடு வந்த பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். றாஸிக் சட்டியோடு உள்ளே வந்து ஸலாம் சொன்னார். எல்லாரும் எழும்பினார்கள். குசினி வாசலில் சரீபா நின்று கொண்டு, ஏதோ காலையில்தான் கண்டது போல, "சுணங்கிட்டீங்க," என்றாள்.

"கடையில சனம்," என்றார் றாஸிக்.

பிறகு வேலை வந்து பிடித்துக் கொண்டது. கறி அள்ளிப் போட்டார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், இன்னும் கொஞ்சம் வையுங்க என்று கட்டாயப்படுத்தினார். சாப்பாடு முடிந்ததும் டோர்ச்சை எடுத்துக் கொண்டு பின்வளவுக்குக் கூட்டிப் போய், கூரை மட்டத்தில் நின்ற சுவர்களைக் காட்டினார். இது ஹோல், இது அறை, கிணறு பொதுவானது. ஏழெட்டு மாதத்தில் ஒரு கல்லும் கூடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டுவதற்கு ஆள் இருக்கவில்லையே. அப்துல் ஸமட் சுவரைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது றாஸிக்கின் தோளில் கையை வைத்து, "மச்சான், பெயின்ற் மணத்துக்குள்ள படுத்தா நெஞ்சுக்குக் கூடாது," என்று மெல்லச் சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

வாகனம் போன பிறகு றாஸிக் குசினி வாசலுக்கு வந்தார். சரீபா குந்தியிருந்து சட்டி கழுவிக் கொண்டிருந்தாள். முழங்கையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள். அவளும் வயதாகிப் போயிருந்தாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஊருக்கே தெரியும். சீனிமுகம்மதுக்குத் தெரியாதா? ஒழுங்கையில பூனைக்குச் சோறு போடுற கதை இஞ்ச வந்து சேந்து எவ்வளவு காலம்."

றாஸிக்குக்குக் காது சூடாகியது. "தெரிஞ்சா அவங்க என்னத்துக்கு வந்தாங்க?"

"நீங்க நிக்கிறீங்களா எண்டு பாக்க."

"நீ ஒரு சொல்லுக் கூப்பிட்டிருக்கலாமே சரீபா. எனக்கு அங்க ஏலாமப் போச்சி. வயிறும் ஏலா, மனமும் ஏலா."

அவள் தண்ணீரை ஊற்றிக் கொண்டே இருந்தாள். ஊற்றுகிற சத்தத்துக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மட்டும் ஏலுமா?" என்றாள். "எனக்கும் ஏலாதுதான்."

றாஸிக் ஒரு காலை மாற்றி நின்றார். செருப்பு வாசலில் கிடந்தது, ஓட்டோ ஒன்று பிடித்தால் கடைக்குப் போய்ச் சேரலாம். யார் முதலில் வாயைத் திறப்பது என்று அவர் பார்த்துக் கொண்டு நின்றார். அந்த வயதில், அந்தக் களைப்பிலும், மனிதருக்கு அதுதான் தெரிந்தது.

சரீபா கழுவிய சட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி எழும்பினாள்.

"கேற்றப் பூட்டிட்டு வாங்க," என்றாள். "உள்ளுக்கால."

அதைவிட இனிப்பாக ஒரு சொல் சொல்ல அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. கேட்டு வாங்க அவருக்கும் இருக்கவில்லை.

"சாவி ஆர்ட்ட?"

"அஹ்ஸன்ட்ட."

றாஸிக் ஊதாச் சுவரைக் கடந்து முன்னறைக்குப் போனார். மருமகன் கதிரைகளை அடுக்கிக் கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.